என் பேரில் வாங்கிய மாத்திரை

என் வீட்டுக்காரர் தென்காசியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் டிரில் மாஸ்டராக இருந்தார். ரிட்டயரான பிறகும் விடிந்ததும் கொல்லையில் தண்டால் எடுப்பார். சும்மா எடுக்க மாட்டார், வாய்விட்டு எண்ணிக்கொண்டே எடுப்பார். 'முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு' என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கும். நாற்பதுக்கு மேல் எடுத்ததை எண்ணினாரா, கேட்பவர்களுக்காக எண்ணினாரா என்பதில் எனக்குக் கடைசி வரை சந்தேகம் உண்டு.

அப்படிப்பட்டவர் கொல்லைப்புறம் ஒதுங்கப் போனால் திரும்பி வர நெடுநேரம் ஆக ஆரம்பித்தது. அறுபதுகள் பிறந்த சமயம் அது. அவருக்கு ஐம்பத்தேழு, எனக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

"என்ன, அங்கனயே குடியிருக்கப் போறீயளா?" என்பேன்.

"காத்து வாங்கிட்டு நின்னேன்" என்பார்.

காற்று வாங்க ஒரு மனிதர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கொல்லைக்குப் போவாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அந்த வயதில் எல்லா ஆண்களுக்கும் வருவதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு இடுப்பு வலி வந்தது. எப்போதோ பள்ளிக்கூடத்துப் பாரில் தொங்கும்போது விழுந்த அடி இப்போது வேலையைக் காட்டுகிறது என்று அவரே முடிவு கட்டினார். இலத்தூரில் ஒரு வைத்தியர் இருந்தார். செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர், பாதிப் பேச்சு மலையாளத்தில் வரும். அவர் இடுப்பை அமுக்கிப் பார்த்து, "சாரமில்லா, ஒக்கே சரியாகும்" என்று, பரவாயில்லை, எல்லாம் சரியாகும் என்பதை அவர் பாஷையில் சொல்லி, ஒரு குப்பித் தைலம் கொடுத்தார். மூன்று மாதம் எங்கள் வீடே தைலக்கடை மாதிரி மணத்தது. ஒன்றும் சரியாகவில்லை.

சாரல் விழத் தொடங்கினால் நாங்கள் இரண்டு பேரும் வாரம் ஒரு முறை குற்றாலம் போய்க் குளித்துவிட்டு வருவோம். அந்த வருஷமும் போனோம். திரும்பும்போது பஸ்ஸில் உட்கார மாட்டேன் என்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு அந்தக் குளிரிலும் நெற்றியில் வேர்வை பொட்டுப் பொட்டாக நின்றது. காலையிலிருந்து சிறுநீர் ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை என்பதை என் காதருகில் குனிந்து சொன்னார். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, குதிரை வண்டி பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ரப்பர் குழாய் செருகி நீரை எடுத்துவிட்டார்கள். அப்போது அவர் முகத்தில் வந்த நிம்மதியை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

மறுநாள் டாக்டர் வந்தார். முப்பது வயதிருக்கும். கட்டிலருகில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சார், என்னத் தெரியுதா? நான் உங்க ஸ்டூடண்ட். லேட்டா வந்தேன்னு கிரவுண்டுல முட்டி போட வச்சீங்க."

"எத்தன பேர வச்சிருக்கேன். எல்லாரையும் ஞாபகம் வச்சுக்க முடியுமா?" என்றார் இவர், குழாயோடு படுத்துக்கொண்டே.

"சரி சார். இப்ப நீங்க கட்டில்ல முட்டி போடணும். பின்பக்கமா விரல் விட்டுப் பாக்கணும்."

என்னைத் திரைக்கு வெளியே நிறுத்தினார்கள். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு என் வீட்டுக்காரரின் குரல் கேட்டது.

"எவ்வளவு நேரம்?"

"ஒரு நிமிஷம்தான் சார். நீங்க எனக்கு ஒரு பீரியட் முழுசும் குடுத்தீங்க."

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். ஆனால் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்த டாக்டரின் முகத்தில் சிரிப்பு இல்லை. சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு ஒரு சுரப்பி இருக்கிறது, அது வீங்கியிருக்கிறது, மதுரைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். 'வீங்கியிருக்கு' என்று சொல்லும்போது என்னைப் பார்க்காமல் குழாயடியைப் பார்த்தார்.

என் தம்பி தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. லீவு போட்டுவிட்டுக் கூட வந்தான். மதுரை ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தோம். எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஊசியால் துளி சதை எடுத்தார்கள். கடைசி நாளில் பெரிய டாக்டர் என் தம்பியை மட்டும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் காலத்தில் அப்படித்தான். நோய் யாருக்கோ அவருக்கும் சொல்ல மாட்டார்கள், அவர் பெண்டாட்டிக்கும் சொல்ல மாட்டார்கள். வெளியே வந்த தம்பி, "ஒண்ணுமில்லக்கா, சின்ன வீக்கந்தான்" என்று சொல்லி எனக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தான். நான் குடித்து முடித்ததும் இன்னொரு காப்பி வாங்கிக் கொடுத்தான். என் தம்பியைப் பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். அவன் இரண்டாவது காப்பி வாங்கிக் கொடுத்தால் விஷயம் சின்னது இல்லை.

ஊருக்கு வந்ததும், மதுரை டாக்டர் கொடுத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு நான் மட்டும் எங்கள் ஊர் டாக்டரைப் பார்க்கப் போனேன்.

"இங்கிலீசு எழுத்து எனக்குப் புரியாது தம்பி. படிச்சுப் பாத்து உள்ளதச் சொல்லுங்க. என் தம்பி மாதிரிக் காப்பி வாங்கித் தந்துராதீங்க."

அவர் படித்தார். கதவைச் சாத்தவில்லை. நாற்காலியை எனக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"புத்துதாம்மா. அந்தச் சுரப்பியோட நிக்கல. இடுப்பெலும்புலயும் முதுகெலும்புலயும் இறங்கிட்டு. சார் சொல்லுத இடுப்பு வலி அதுதான். இனிமே அறுத்து எடுத்துர முடியாது."

பையின் வாரைத் திருகிக்கொண்டே கேட்டேன்.

"எத்தன நாளு?"

"அதச் சொல்ல முடியாதும்மா. சீக்கிரம் போறவங்களும் உண்டு, வருசக்கணக்கா இருக்கவங்களும் உண்டு. ஆனா ஒரு வழி இருக்கு. ஆம்பளைங்க உடம்புல ஊறுத ஒரு சத்துதான் இந்த நோய்க்குத் தீனி. அது ஊறுத விதை ரெண்டையும் ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டு, பொம்பளைங்க உடம்புல உள்ள சத்த மாத்திரையாக் குடுத்தா, நோய் பட்டினி கெடக்கும். வலி குறையும். நடமாடுவாங்க."

பிறகு என்னென்ன கோளாறு வரும் என்றும் ஒளிக்காமல் சொன்னார். மார்பு வீங்கும், தொட்டால் வலிக்கும். உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும். கால் வீங்கலாம். மனசு இளகிப் போகும். புருஷன் பெண்டாட்டி சங்கதி இருக்காது. இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லும்போது மறுபடியும் குழாயடியைப் பார்த்தார்.

"சார்ட்ட இத எப்படிச் சொல்லுறதுன்னுதான் தெரியல. எங்கயாவது விசில் சத்தம் கேட்டா எனக்கு இன்னும் முதுகு நிமிருதும்மா."

"நான் சொல்லிக்கிடுதேன்" என்று எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து கஞ்சி ஊற்றி வைத்துவிட்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் உதவவில்லை.

"ரெண்டையும் எடுத்துருவாங்களாம்."

"ரெண்டையும்னா?"

நான் தரையைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கஞ்சியில் ஆடை படியும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீசை?"

"மீசை போவாதாம்."

"குரலு?"

"அதுவும் அப்படியேதான் இருக்குமாம். கேட்டுட்டேன்."

"அதையெல்லாமாட்டி போய்க் கேட்ட?"

"பின்ன, நீங்க கேக்கப் போறது எனக்குத் தெரியாதா?"

கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டுப் போய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் விளக்கேற்றும்போது எழுந்து வந்து, "புத்துதானே?" என்றார். ஆமாம் என்றேன். "உன் தம்பி எனக்கும் ரெண்டு காப்பி வாங்கிக் குடுத்தான்" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. அப்போது இன்னும் மாத்திரை ஆரம்பிக்கவில்லை.

மதுரையில் ஆபரேஷன் முடிந்தது. ஒரு நிபந்தனையோடுதான் அதற்கு ஒத்துக்கொண்டார். ஊரில் ஒருவருக்கும் தெரியக்கூடாது. யார் கேட்டாலும் குடலிறக்கம் என்று சொல்ல வேண்டும். தூத்துக்குடியில் கட்டிக் கொடுத்திருந்த மகளுக்குக்கூட அப்படித்தான் எழுதினோம். டாக்டர் சொன்ன மாதிரியே வலி போய்விட்டது. அதை என் கண்ணால் பார்த்திராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். கைத்தாங்கலாக ரயிலேறிப் போனவர், ஒரு மாதம் கழித்து ஆய்க்குடிக்கு நடந்தே போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு நடந்தே திரும்பினார். எத்தனை மைல் என்று எதிரே வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஒவ்வொருவரிடமும் அரை மைல் கூடிக்கொண்டே போனது.

மதுரையில் வாங்கி வந்த மாத்திரை தீர்ந்த பிறகுதான் வேடிக்கை தொடங்கியது. தானே வாங்கி வருவதாகச் சொல்லி மருந்துக் கடைக்குப் போனார். தலைவலித் தைலம் வாங்கிக்கொண்டு வந்தார். கடையில் ஆள் நின்றார்களாம். மறுநாளும் போனார், மறுநாளும் தைலம். மூன்றாவது தைலக் குப்பி வந்ததும் சீட்டை அவர் பையிலிருந்து உருவிக்கொண்டு நானே கிளம்பினேன்.

கடைக்கார அண்ணாச்சி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பொம்பளையாளுக்குக் குடுக்கதுல்லா. யாருக்கும்மா?"

பின்னால் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் தெரு.

"எனக்குத்தான் அண்ணாச்சி."

"எத்தன நாளைக்கு?"

"விடாம சாப்பிடச் சொல்லியிருக்காவ."

அண்ணாச்சி ஒரு தடவை என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த இரக்கத்தை நான் வீடு வரைக்கும் சுமந்துகொண்டு வந்தேன்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. முதலில் வந்தது எதிர்வீட்டு ராவுத்தர் வீட்டம்மா. அவர்கள் வீட்டில் நான்கு தறி ஓடும். அந்தச் சத்தத்தில் பேசிப் பழகியவள், ரகசியத்தையும் சத்தமாகத்தான் சொல்லுவாள்.

"ஏக்கா, எங்கிட்டச் சொல்லக்கூடாதா? உள்ளுக்குள்ள வச்சுக்கிட்டா நோவு கொறையுமா? ரொம்பப் படுதா?"

என்ன படுகிறது என்று அவள் நினைத்தாளோ, நான் தலையை மட்டும் ஆட்டி வைத்தேன். மறுநாளே ஒரு தூக்குவாளியில் உளுந்தங்களி வந்தது. இடுப்புக்கு நல்லதாம். அதற்குப் பிறகு வெந்தயக்களி. மருந்துக்கடை அண்ணாச்சி வீட்டிலிருந்து பூண்டு லேகியம். தெருவில் ஒரு பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்றால் மற்ற பெண்கள் அவளைச் சும்மா விடுவதில்லை. அந்த வருஷம் நான் ஒரு சுற்றுப் பெருத்தேன். என் வீட்டுக்காரரும் பெருத்தார். அவருக்கு அது மாத்திரையால் என்று டாக்டர் சொன்னார். ஆனால் களியில் பாதி எங்கே போயிற்று என்பது எனக்குத் தெரியும்.

எனக்கு ஆற்றமாட்டாமல் போனது வேறு ஒன்று. தன் குடலிறக்கத்துக்குப் போன இடத்தில் என்னையும் மதுரை டாக்டரிடம் காட்டியவர், வாரம் தவறாமல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறவர் என்று அவருக்கு ஊரில் பெயராகிவிட்டது. "பொண்டாட்டியத் தாங்கினா இப்படித் தாங்கணும்" என்று கிணற்றடியில் பேச்சு. யாராவது நேரில் சொன்னால் இவர் தலையை லேசாகக் குனிந்து ஏற்றுக்கொள்வார், ஸ்போர்ட்ஸ் டேயில் கோப்பை வாங்குகிறவர் மாதிரி.

"மெடல் ஒண்ணு குத்திவிடட்டா?" என்று வீட்டில் கேட்பேன்.

"சொல்லுதவங்க வாயப் பொத்தவா முடியும்?" என்பார்.

மார்கழி மாதம் கொதிப்பு வந்தது. தெருவே கம்பளிக்குள் சுருண்டு கிடக்க, இவர் ஜன்னலையெல்லாம் திறந்து போட்டுவிட்டு, சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகமும் கழுத்தும் செம்பருத்தி மாதிரி சிவந்து, வேர்த்து, பிறகு நடுங்கிச் சட்டையைத் தேடினார். எனக்கு அது புதிதில்லை. நான்கு வருஷம் முன்னால் எனக்கு மாதவிடாய் நின்ற சமயத்தில் இதே கொதிப்போடுதான் இரண்டு வருஷம் கிடந்தேன். அப்போது இந்த மனிதர் என்ன சொன்னார் என்றும் நினைவிருக்கிறது. "அடுப்ப முழுங்கிட்டியா?" என்றார். எல்லாம் மூச்சு சரியாக விடாததால் வருவது என்று சொல்லி, என்னைக் கொல்லையில் நிறுத்தி, கையை விரித்து மூச்சு இழுக்கச் சொல்லி எண்ணினார். நானும் புத்தியில்லாமல் இழுத்தேன்.

இப்போது அவர் எதிரில் போய் நின்றேன்.

"எந்திரிங்க. கைய விரிங்க. மூச்ச இழுங்க. ஒன்... டூ..."

முறைத்தார். 'த்ரீ' சொல்வதற்குள் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துச் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

"உனக்கு இப்படியா இருந்துச்சு?"

"இப்படித்தான்."

"எத்தன நாளு?"

"ரெண்டு வருசம்."

"என்ட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னேன். எண்ணினீய."

சாயங்காலம் அடுக்களைக்குள் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. ஒரு டம்ளரில் மோர் கலந்துகொண்டு வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் கையால் எனக்கு வந்த முதல் டம்ளர் அது. உப்புப் போட மறந்திருந்தார். குடித்தேன்.

மார்பு வீங்கியதை அவராகச் சொல்லவில்லை. பனியனுக்கு நான் கஞ்சி போட்டுவிட்டேன் என்று சண்டைக்கு வந்தார். பனியனுக்கு யாராவது கஞ்சி போடுவார்களா? துணி பட்டாலே உறுத்துகிறது என்று பிறகுதான் வாயிலிருந்து வந்தது. குளித்துவிட்டு வரும்போது துண்டை மேலே போர்த்திக்கொண்டு, பெண்கள் மாதிரி ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். பழைய மல் வேட்டி ஒன்றைக் கிழித்து, உறுத்தாத மாதிரி, கொஞ்சம் இடம் விட்டு, கையாலேயே ஓர் உள்சட்டை தைத்துக் கொடுத்தேன். தையல்காரரிடம் அளவு கொடுக்க முடியாதே. போட்டுப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்.

"இதுக்குப் பேரு என்ன?"

"பனியன்."

"பனியன்தானே?"

"பனியன்தான்."

மனசு இளகும் என்று டாக்டர் சொன்னதும் நடந்தது. கண் கலங்கி நான் பார்த்தறியாத மனிதர், மகளிடமிருந்து வந்த கார்டைப் படித்துவிட்டு விசும்பினார். பதறிப் போய்ப் பிடுங்கிப் பார்த்தேன்.

"எல்லாரும் சௌக்கியம்னுதானே எழுதியிருக்கா?"

"அதான்" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதை எழுதலாமா என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். எங்களுக்குள் அந்தச் சங்கதி அத்தோடு நின்றுபோனது. எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. என் பக்கத்தில் உட்காரவே கூச்சப்பட்டு, பாயைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார். ஒரு நாள் மத்தியானம் நான் அந்தப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து என் பாயோடு சேர்த்துப் போட்டேன். "தெருவுல போய்ப் படுக்கப் போறீயளா? அங்கன நாய் படுத்திருக்கு" என்றேன். வந்து படுத்தார். என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். பட்டப்பகலில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த சாரலுக்குக் குற்றாலம் போகவில்லை. பாறை வழுக்கும் என்றார், கூட்டம் என்றார். குளிக்க வேண்டுமானால் ஆண்கள் பக்கத்தில் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அதற்கடுத்த சாரலில் நான் பிடிவாதமாக நின்றேன்.

"நான் உடம்பு சரியில்லாதவ. அருவித் தண்ணி எனக்கு நல்லதுன்னு தெருவே சொல்லுது. பொண்டாட்டியத் தாங்குத மனுசன்தானே நீங்க, கூட்டிட்டுப் போங்க."

வேறு வழியில்லாமல் வந்தார்.

நான் பெண்கள் பக்கம் குளித்துவிட்டு வந்து தலையை உலர்த்திக்கொண்டு ஒரு மரத்தடியில் நின்றேன். பத்தடி தள்ளி, எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வரிசையாகப் பலகை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒருவரிடம்தான் இவர் பதினைந்து வருஷமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் கண்ணில் இவர் பட்டுவிட்டார்.

"வாத்தியாரய்யா! போன வருசம் காணலயே. வேற ஆள் கை பிடிச்சுப் போச்சா?"

"இல்லப்பா, முடியாம இருந்தேன்."

"வாங்க, சட்டையக் கழத்துங்க."

"காலுக்கு மட்டும் தேய், போதும்."

"என்னைக்கு உங்களுக்குக் காலுக்கு மட்டும் தேய்ச்சிருக்கேன்?"

என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையை உலர்த்திக்கொண்டே இருந்தேன். அவர் சட்டையைக் கழற்றினார். கொஞ்சம் நின்றுவிட்டு, நான் தைத்த அந்தப் பனியனையும் கழற்றினார்.

தேய்க்கிறவர் உள்ளங்கையில் எண்ணெயை ஏந்தியபடி பார்த்தார்.

"மருந்தா?"

"மருந்துதான்."

"இங்க தொட்டா நோவுமே."

"நோவும்."

"தொடல. குப்புறப் படுக்க வேண்டாம், உக்காருங்க. முதுகுக்கு மட்டும் தேய்க்கேன்." கொஞ்சம் தேய்த்த பிறகு கேட்டார், "என்ன நோவு?"

"புத்து."

எங்கள் வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் அவர் அந்தச் சொல்லைச் சொன்னது அன்றுதான். தேய்க்கிறவர் கையை நிறுத்தவில்லை. அழுத்தி அடித்துத் தேய்க்கிற அந்தக் கை, பிள்ளைக்குத் தேய்ப்பது மாதிரி மெதுவாகப் போய் வந்தது.

"சரி. அருவிக்கு நேர நடுவுல போய் நிக்காதீங்க. நெஞ்சுல அடிச்சாத் தாங்காது. ஓரமா நில்லுங்க" என்றார்.

இவர் வெறும் உடம்போடு அருவிக்குப் போனார். மார்பின் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். வெளியூர்க்காரர்கள் மாதிரி நான்கு வாலிபர்கள் அவரைப் பார்த்து ஒருவன் காதில் ஒருவன் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அவர் திரும்பினார்.

"ஏலே! இடிச்சுத் தள்ளிக்கிட்டா குளிப்பீய? லைன்ல நில்லுங்கலே!"

அருவிச் சத்தத்தையும் மீறி அந்தக் குரல் எனக்குக் கேட்டது. நான்கு பேரும் வரிசையில் நின்றார்கள். அவர்களோடு சம்பந்தமே இல்லாத இரண்டு பெரியவர்களும் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டம்மா தூக்குவாளியோடு வந்தாள். நான் வாங்கக் கையை நீட்டினேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்தார்.

"அவளுக்கு ஒண்ணுமில்லம்மா. சீக்கு எனக்கு. மாத்திரையும் எனக்குத்தான். ஆளுகளுக்குத் தெரியக்கூடாதுன்னு அவ பேருல வாங்கிட்டிருந்தோம்."

என்ன நோய், என்ன மாத்திரை என்று இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார். அவள் வாளியைப் பிடித்தபடி நின்றாள். என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அப்ப இந்தக் களி உங்களுக்குத்தானா அண்ணாச்சி? அக்காவுக்குன்னுல்லா நான் இத்தன நாளும் எண்ணெயக் கொறச்சு ஊத்திக் கிண்டினேன்!" என்றாள். வீட்டுக்குப் போனவள், வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். மறுநாள் வந்த களியில் எண்ணெய் மிதந்தது.

அதன் பிறகு தெருவில் விசாரிப்பெல்லாம் அவர் பக்கம் போய்விட்டது. மருந்துக் கடையில் அண்ணாச்சி என்னை ஒரு கேள்வியும் கேட்பதில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், பொய் சொல்வானேன். ஆனால் அவர் இளைப்பாறினார். மாத்திரையைத் தானே போய் வாங்கினார். கொதிப்பு வந்தால் யார் எதிரில் இருந்தாலும் துண்டால் விசிறிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, இப்பப் போயிரும்" என்பார். மகளுக்கும் உள்ளதை எழுதினார். அவள் வந்து பத்து நாள் இருந்து, எங்கள் இரண்டு பேரையும் திட்டிவிட்டுப் போனாள்.

மாத்திரையால் கால் வீக்கமும் வந்தது. மூச்சு வாங்கியது. டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். இன்னும் இரண்டு சாரல் நன்றாகவே போயிற்று. அதற்கு மேல் அந்த மருந்துக்கு நோய் அடங்கவில்லை. வலி முதலில் முதுகில் வந்தது, பிறகு தொடையில். கால் தானாக மடங்கியது. நடப்பது நின்றது. மறுபடியும் குழாய் போட வேண்டி வந்தது. டாக்டர் வேலை முடிந்து போகும்போது வீட்டுக்கு வந்து ஊசி போட்டுவிட்டுப் போவார். மதுரைக்குக் கொண்டு போகட்டுமா என்று என் தம்பி கேட்டதற்கு, "அங்க காப்பி நல்லாத்தான் இருக்கும், ஆனா வேண்டாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

ஐப்பசியில் ஒரு நாள், வெந்நீரில் துணியை நனைத்து அவர் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எலும்பை எண்ணிக்கொள்ளலாம் போல இருந்தது.

"உன்ன ரொம்பப் படுத்திட்டேன், என்ன?"

"ஆமா" என்றேன்.

"இல்லன்னு நீ சொல்லுவன்னுல்லா பாத்தேன்."

"கேட்டா உள்ளதச் சொல்லணும்லா?"

அவர் தோள் குலுங்கியது. "சிரிக்க வைக்காதட்டி, வலிக்கு" என்றார். துணியைக் கீழே போட்டுவிட்டு, குலுங்கல் அடங்கும் வரை அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பதினொரு நாள் இருந்தார். காலை எட்டு மணி வாக்கில் போனார், அப்போது நானும் என் தம்பியும் பக்கத்தில் இருந்தோம். தூத்துக்குடியிலிருந்து மகள் வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. மழை விட்டதும் எடுத்தோம்.